பெட்டி காட்டூரில், சாவி ஸ்ரீரங்கத்தில்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் கோடை முகாமில் நான் செய்த ஒவ்வொரு காரியமும் விதிப்படி சரி. இதை எங்கள் வீட்டில் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. பத்து வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறேன். நான் "விதிப்படி பாத்தா..." என்று ஆரம்பித்ததுமே அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். மச்சான் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். ஒரு மனிதனின் தரப்பைக் கேட்க ஆளில்லாத குடும்பத்தில் பிறந்துவிட்டதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். (காட்டூர் வீட்டு மொட்டை மாடியில் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருந்தேன் என்று பொருள்.) அந்த மே மாதம் எங்கள் தெருவுக்கு அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு ஐந்து நாள் முகாம் போட்டார்கள். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பாட்டும் படமும் விளையாட்டுமாக இருக்க வேண்டியது. நாற்பது குழந்தைகள். நடத்தியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மார்கரெட் டீச்சர். உதவிக்கு என்னைப் போல வேலையில்லாத ஆறு பேரைப் பிடித்துப் போட்டிருந்தார்.

முதல் கூட்டத்தில் டீச்சர் பொறுப்புகளைப் பிரித்தார். விளையாட்டுக்குக் கைகள் பறந்தன. பாட்டுக்கும் அப்படியே. "பிள்ளைங்களோட மருந்து மாத்திரைய யாரு பாத்துக்கிறது?" என்று கேட்டதும் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். டீச்சர் தன் கையிலிருந்த பட்டியலில் விரலை ஓட்டினார்.

"ஆரோக்கியராஜ். பேருலயே ஆரோக்கியம் இருக்கு. நீயே பாத்துக்க."

அவ்வளவுதான் என் தகுதி. எங்கள் பக்கத்தில் மாதா கோயில் வாசலில் நின்று "ஆரோக்கியம்" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் பாதிப் பேர் இருமிக்கொண்டே திரும்புவார்கள். ஆனால் அன்றைய ஆரோக்கியராஜுக்கு இதெல்லாம் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் பொறுப்பு கொடுத்திருக்கிறார். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

டீச்சர் ஒரு விதித்தாளையும் தந்தார். எந்தக் குழந்தையும் தன்னிடம் எந்த மருந்தும் வைத்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டி வைக்க வேண்டும். நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்ததை நோட்டில் எழுத வேண்டும். இவ்வளவுதான் அதில் இருந்தது. சாதாரண மனிதர்கள் இதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். நான் மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த தகரப் பெட்டிக்கு ஒரு பூட்டு இருந்தது. அது போதாது என்று சொந்தமாக இன்னொரு பூட்டு வாங்கி மாட்டினேன். இரண்டு சாவிகளையும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். குழந்தைகள் என்னை அண்ணா என்று கூப்பிடக் கூடாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்றும் அறிவித்தேன். (இது விதித்தாளில் இல்லை. நானே சேர்த்துக்கொண்டது.)

குழந்தைகள் வந்து சேர்ந்த அன்று காலை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். பெற்றோர் என்கிற இனத்தின் மீது எனக்கு மரியாதை போனது அன்றுதான்.

முதலில் ஒருவர் காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். பிரித்தால் ஆறு வெள்ளை மாத்திரை. அட்டையில்லை, பெயரில்லை.

"இது என்ன மாத்திரை சார்?"

"வெள்ளை மாத்திரைங்க."

"அது தெரியுது. பேரு என்ன?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அவனுக்கே தெரியும்."

"மாத்திரை பேரு கூடத் தெரியாம பிள்ளைக்குக் குடுப்பீங்களா? நீங்கள்லாம் ஒரு அப்பாவா?"

பாவம், அவர் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. நான் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவருக்கு மருந்தின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பதன் அவசியம் பற்றி ஐந்து நிமிடம் வகுப்பெடுத்தேன். மனிதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அட்டையைத் தேடி எடுத்துவந்து கொடுத்தார்.

அடுத்து ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஒரு மாமி, மூன்று லேகியப் பாட்டில்களை வரிசையாக வைத்தார். "இது வெறும் வயத்துல, இது ஆகாரத்துக்கு அப்புறம், இது வேணும்னா மட்டும். ஸ்பூனை ஈரமில்லாமத் துடைச்சுட்டு எடுக்கணும். மறந்துடாதீங்கோ." அந்த மாமியாவது தெளிவாகச் சொன்னார். அதற்கடுத்து வந்த அம்மா மேஜை மேல் குனிந்து என் காதருகே கிசுகிசுத்தார்.

"சார், எம் பையன் கவினு தூக்க மாத்திரை போட்டாத்தான் தூங்குவேன்னு அடம் புடிப்பான்."

எட்டு வயதுப் பையனுக்குத் தூக்க மாத்திரையா! நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.

"கத்தாதீங்க சார், கத்தாதீங்க. அது சீரக மிட்டாய். டாக்டர் குடுத்ததுன்னு ஏமாத்தி வச்சிருக்கோம். நீங்களும் படுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு குடுத்துடுங்க."

ஒரு சிறிய மருந்துப் பாட்டில் நிறைய சிவப்பும் மஞ்சளுமாகச் சீரக மிட்டாய். விதிப்படி மிட்டாய் மருந்தா இல்லையா என்று நான் குழம்பி நிற்கும்போதே அந்த அம்மா போய்விட்டார். நோட்டில் 'கவின், தூக்க மாத்திரை (போலி), இரவு எட்டு மணி' என்று எழுதிவைத்தேன்.

கடைசியாக வந்தது என் சொந்த அக்கா செலின். பொன்மலை ரயில்வே குடியிருப்பிலிருந்து ஸ்கூட்டியில் மகள் ரீனாவை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். ரீனாவுக்கு ஒன்பது வயது. சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு. தூசியோ ஓட்டமோ அதிகமானால் மூச்சு விசிலடிக்கும். நீல நிற இன்ஹேலர் ஒன்றை எப்போதும் கூடவே வைத்திருப்பாள்.

"எல்லாருக்கும் சொல்ற மாதிரிதான் உனக்கும்க்கா. அந்த இன்ஹேலரைக் குடு," என்றேன்.

"டேய், அது அவ பையிலயே இருக்கட்டும். இழுப்பு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? வந்தா அவளே அடிச்சுக்குவா. டாக்டரே அப்படித்தான் சொல்லியிருக்காரு."

"விதின்னா விதிக்கா."

"நான் உன் அக்காடா."

"இங்க அக்கா தம்பியெல்லாம் கிடையாது. நீ பேரன்ட். நான் பொறுப்பாளர்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவளுக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. இன்ஹேலரையும் டாக்டர் சீட்டையும் மேஜையில் வைத்தாள். "எங்க போனாலும் பெட்டியக் கூடவே தூக்கிட்டுப் போகணும். சத்தியம் பண்ணு," என்றாள். பண்ணினேன்.

அக்கா போன பிறகு ரீனாவின் காலுறையில் ஏதோ புடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். இன்னொரு இன்ஹேலர்! கையோடு பிடித்துவிட்டேன். அவளைத் தனியாக அழைத்து, "நீயே இப்படிப் பண்ணினா மாமாவுக்குப் பேரு கெட்டுடும்ல? இந்தப் பொறுப்பையே பிடுங்கிடுவாங்க," என்றேன். அவள் என் கழுத்துக் கயிற்றைப் பார்த்தாள். பிறகு காலுறைக்குள்ளிருந்து அதை எடுத்து என் கையில் வைத்தாள். அதையும் பெட்டியில் போட்டு இரண்டு பூட்டையும் பூட்டினேன். கடமை தவறாதவன் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

நோட்டில் எல்லோருக்கும் நேரம் குறித்து, காலை முதல் இரவு வரை அழகாக ஒரு அட்டவணை போட்டேன். ரீனாவின் மருந்துக்கு மட்டும் நேரம் கிடையாது. 'தேவைப்படும்போது' என்று எழுதினேன். தேவைப்படும்போது என்பது எத்தனை மணி? அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. அதனால் அந்த ஒரு பெயர் மட்டும் அட்டவணைக்குள் ஏறவில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள். என் வீழ்ச்சி முழுவதும் அந்த இல்லாத கட்டத்துக்குள்தான் இருந்தது.

முதல் இரவு கவினுக்கு மாத்திரை கொடுத்தேன். அவன் அதைச் சப்பிக்கொண்டே போய்ப் படுத்தான். பக்கத்துப் படுக்கைக்காரனிடம் அது இனிக்கிறது என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் காலையில் முகாமில் கொள்ளைநோய் பரவிவிட்டது.

என் மேஜைக்கு முன்னால் வரிசை தண்ணீர்த் தொட்டிவரை நீண்டிருந்தது. ஒருவனுக்கு வயிற்றுவலி. ஒருத்திக்கு முழங்கை வலி. எந்த முழங்கை என்று கேட்டதற்கு இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். ஒரு பொடியன் "சார், எனக்கு முடி வலிக்குது," என்றான். இன்னொரு பெண் முன்யோசனைக்காரி. "எனக்கு நாளைக்குச் சாயங்காலம் காய்ச்சல் வரும் சார். மாத்திரைய இப்பவே குடுத்துடுங்க," என்றாள். அத்தனை பேரும் கேட்டது சிவப்பு மாத்திரைதான். மஞ்சள் வேண்டாமாம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவேயில்லை. கண்ணெதிரே நின்று இத்தனை பொய்! இந்த வயதிலா! அந்த வரிசையின் நடுவில் ரீனாவும் நின்றிருந்தாள். ஓடி விளையாடிவிட்டு வந்திருந்தாள். "மாமா, எனக்கு நெஜமாவே..." என்றாள்.

"சார்னு சொல்லு. வரிசையில வா."

வரிசையில் வந்தாள். பதினைந்தாவது ஆளாக வந்து, இன்ஹேலரை வாங்கி அடித்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒன்றும் ஆகவில்லை. முறை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்று நான் முடிவு கட்டினேன்.

கொள்ளைநோயை ஒழிக்க அன்று மதியமே வழி கண்டுபிடித்தேன். சமையல்கார சகாயமேரி அக்கா காந்தி மார்க்கெட்டிலிருந்து காய்கறி எடுத்துவந்திருந்தார். அதில் பாகற்காயும் இருந்தது. நான்கை வாங்கி அரைத்துச் சாறாக்கி, ஒரு குவளையில் ஊற்றி, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் உயர்த்திக் காட்டினேன்.

"இனிமே யாருக்கு எங்க வலிச்சாலும் இந்தப் பாவக்கா ஜூஸ்தான் மருந்து. யாருக்கு வேணும்?"

நாற்பது குழந்தைகளும் அந்த நொடியே குணமானார்கள். மறுநாள் முழுக்க ஒரு தலைவலிகூட இல்லை. மார்கரெட் டீச்சரே வந்து, "பரவாயில்லையே ஆரோக்கியம்," என்றார். நான் தரையில் நடக்கவில்லை.

நான்காம் நாள் காலை ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் பயணம். ஒன்பதரைக்குக் கிளம்பி ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவதாகத் திட்டம். நான் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதிலிருந்து ஒன்றுவரை யாருக்கும் மருந்து இல்லை. பெட்டியோ நல்ல கனம். தவிர, பெட்டியைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு மறுபடியும் வியாதி வரும் என்று பயம் வேறு. ஆகவே பெட்டியை அலுவலக அறையில் வைத்துவிட்டேன். நோட்டு தொலைந்துபோகக் கூடாதே என்று அதையும் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டினேன். அக்காவிடம் செய்த சத்தியம்? நினைவுக்கு வந்தது. வராமலில்லை. மூன்றரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று அதற்குச் சமாதானம் சொன்னேன்.

பஸ் ஏறும்போது ரீனா என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"சார், பெட்டி?"

"மதியத்துக்குள்ள வந்துடுவோம். ஏறு."

ஏறினாள்.

பூங்காவில் முதல் ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகவே போனது. குழந்தைகள் பூச்சியைத் துரத்தினார்கள், பூச்சிகள் தப்பித்தன. பிறகு ஒரு பாதை முனையில் காய்ந்த சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். புழுதி மேகம்போல எழுந்தது. எங்கள் படை அதற்குள் புகுந்து ஓடி மறுபக்கம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கவின் மூச்சிரைக்க என்னிடம் வந்தான்.

"சார், ரீனாவுக்கு மூச்சு வர மாட்டேங்குது."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

"பாவக்கா ஜூஸ் வேணுமான்னு கேளு," என்றேன்.

கவின் சிரிக்கவில்லை. "நெஜமா சார்," என்று என் கையைப் பிடித்து இழுத்தான். அந்தப் போலி மாத்திரைக்காரனின் முகத்தில் பொய் இல்லை. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

ரீனா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் காதுவரை ஏறி இறங்கியது. கழுத்தெலும்புக்கு மேல் குழி விழுந்தது. அருகே போனதும் அந்த விசில் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். ஒரு சொல்தான் வந்தது.

"மாமா..."

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கயிறு இருந்தது. கயிற்றில் இரண்டு சாவிகள் இருந்தன. அவற்றை வெளியே எடுத்து அவளிடம் நீட்டினேன். எதற்கு நீட்டினேன் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மார்கரெட் டீச்சர் ஓடிவந்தார். "ஆரோக்கியம், பெட்டி எங்க?"

"காட்டூர்ல டீச்சர்."

"சாவி?"

"இங்க இருக்கு டீச்சர். ரெண்டுமே பத்திரமா இருக்கு டீச்சர்."

டீச்சர் ஓய்வுபெற்றவர், ஜெபமாலையை விடாதவர். அன்று அவர் வாயிலிருந்து வந்த சொல்லை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. ஒரு கையால் போனை எடுத்துச் சகாயமேரி அக்காவைக் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கச் சொன்னார். மறுகையால் என்னைப் பூங்கா வாசலை நோக்கித் தள்ளினார். நான் ரீனாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினோம். பதற்றத்தில் அவளை மடியில் படுக்க வைக்கப் பார்த்தேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார்.

"படுக்க வைக்காதீங்க தம்பி! நிமித்தி உக்கார வைங்க. என் பொண்ணுக்கும் இது இருக்கு. மருந்து எங்க?"

"பூட்டி வச்சிருக்கேங்க."

"எதுக்கு?"

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்ரீரங்கத்துக்குள் ஒரு மருந்துக்கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கடைக்கு மேல் மாடியில் டாக்டரம்மா இருக்கிறார் என்றார். நான் முதலில் கடைக்குப் பாய்ந்தேன்.

"இன்ஹேலர் குடுங்க, சீக்கிரம்!"

"எந்த இன்ஹேலர்?" என்றார் கடைக்காரர்.

"நீல கலர்."

"மருந்து பேரு?"

"நீல கலருங்க. இந்தளவு இருக்கும்."

"தம்பி, பேரு தெரியாம எப்படிக் குடுக்கிறது? சீட்டு இருக்கா?"

சீட்டு நோட்டுக்குள் இருந்தது. நோட்டு பெட்டிக்குள் இருந்தது. வெள்ளை மாத்திரைக்காரர் அந்த நேரம் அங்கே இல்லாமல் போனது அவருக்கு இழைக்கப்பட்ட அநியாயம். அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போடவில்லை. (பயம். வேறென்ன?) நான் மூன்றாம் முறையாக நீல கலர் என்று சொன்னபோது, ஆட்டோக்காரரின் கையைப் பிடித்து நின்றுகொண்டிருந்த ரீனா வாயைத் திறந்தாள். ஒரு மூச்சுக்கு ஒரு துண்டாகச் சொன்னாள்.

"சால்... பியூட்... டமால். குழாயும்... வேணும்."

கடைக்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய் எடுத்துவந்தார். நான் அதைப் பிரிக்கத் தெரியாமல் அட்டையைக் கடித்துக்கொண்டிருந்தேன். ரீனா என் கையிலிருந்து வாங்கினாள். மூடியைக் கழற்றினாள், குலுக்கினாள், வாயில் வைக்கும் பிளாஸ்டிக் குழாயில் மாட்டினாள், மூச்சை வெளியே விட்டாள், அழுத்தினாள், மெதுவாக உள்ளே இழுத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். சுற்றி நின்ற நாங்கள் மூன்று ஆம்பிளைகளும் எங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். அந்தத் தோள்கள் காதிலிருந்து ஒரு விரற்கடை கீழே இறங்கின. நான் அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்டோக்காரர்தான் அவளை மாடிக்குக் கூட்டிப்போனார், நான் பிறகு எழுந்து பின்னால் ஏறினேன்.

டாக்டரம்மா ரீனாவுக்கு முகமூடி போட்டு இயந்திரம் வழியாக மருந்துப் புகையைக் கொடுத்தார். குழந்தை தேறியதும் என் பக்கம் திரும்பினார். விசாரித்தார். சொன்னேன்.

"இது பூட்டி வைக்கிற மருந்தாங்க? இழுப்பு இருக்கிற பிள்ளைக்கு இது கையெட்டுற தூரத்துல இருக்கணும்."

"விதி டாக்டர். முகாம் விதி."

"விதி எழுதினவங்களுக்கு இழுப்பு உண்டா?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நான் இருக்கவில்லை. "பிள்ளைங்க மாத்தி மாத்தி மருந்தத் தின்னுட்டா யாரு டாக்டர் பொறுப்பு? பெத்தவங்க பேரில்லாம பொட்டலம் கட்டிக் குடுக்கிறாங்க. மிட்டாயை மருந்துன்னு குடுக்கிறாங்க. நாற்பது பிள்ளைங்க, நான் ஒருத்தன்!" என்று பொரிந்து தள்ளினேன். நியாயமான கேள்விகள்தான். இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதைக் கேட்க அந்த அறையில் தகுதியில்லாத ஒரே ஆள் நான்தான் என்பது பேசி முடித்த பிறகுதான் உறைத்தது. டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மத்ததெல்லாம் பூட்டுங்க. இது வேண்டாம்," என்றார்.

அதற்குள் மார்கரெட் டீச்சர் அக்காவுக்குச் சொல்லிவிட்டார். பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஸ்கூட்டியில் அவ்வளவு சீக்கிரம் வர முடியும் என்று எனக்குத் தெரியாது. அக்கா படியேறி வந்தாள். நான் அடி வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. நேராக ரீனாவிடம் போய் முதுகைத் தடவினாள்.

"காலுறையில ஒண்ணு வச்சு அனுப்பிச்சேனேடி. அது எங்க?"

இரண்டாவது இன்ஹேலர் அக்காவின் ஏற்பாடு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முகமூடிக்குள்ளிருந்து ரீனா சொன்னாள்: "மாமாக்கிட்ட குடுத்துட்டேன்மா. இல்லாட்டி மாமாவுக்குப் பொறுப்பு போயிடும்னு சொன்னாரு."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்காக ஒரு காரியம் செய்ததைப் போலச் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே என்ன தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அக்கா வந்து என் கழுத்திலிருந்த கயிற்றைத் தலைவழியே கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அடித்திருந்தால் தேவலாம்.

சாயங்காலம் காட்டூருக்குத் திரும்பியபோது பெட்டி அலுவலக வாசலில் கிடந்தது. சகாயமேரி அக்கா அம்மிக் குழவியால் அடித்து முதல் பூட்டைத் தகர்த்திருந்தார். இரண்டாவது பூட்டு, நான் சொந்தமாக வாங்கியது, அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. "நல்ல பூட்டா வாங்கியிருக்க தம்பி," என்றார், தோளை நீவியபடி. பிறகு, ரீனாவின் பையை எடுக்க வந்த செலின் அக்கா கைப்பையிலிருந்து தந்த சாவியைப் போட்டுத் திறந்து பார்த்தால் உள்ளே சீரக மிட்டாய்க்கு எறும்பு வந்திருந்தது. ஸ்ரீரங்கத்து மாமியின் லேகியம்வரை ஊர்வலம் போயிருந்தது.

மார்கரெட் டீச்சர் விதித்தாளில் அன்றே ஒரு வரி சேர்த்தார். இன்ஹேலர் குழந்தையிடமே இருக்கும். கூடவே இன்னொன்று, உடன் போகும் பெரியவர் பையில் இருக்கும். பூட்டில்லாத பையில் என்பதை அடிக்கோடிட்டிருந்தார். என் பொறுப்பு உதவியாளர்களில் ஒரு பெண்ணுக்குப் போனது. கடைசி நாள் நான் வெங்காயம் உரித்தேன். விதியை எழுதியவர் டீச்சர். திருத்தியவரும் டீச்சர். நடுவில் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தவனுக்கு வெங்காயம். இதில் எங்கே நியாயம் இருக்கிறது என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலாம்.

அக்கா என்னோடு பேச மூன்று வாரமானது. ஆனால் குடும்பம் உடனே பேச ஆரம்பித்துவிட்டது. மச்சான்தான் தொடங்கிவைத்தார். 'ஆரோக்கியப் பூட்டு' என்று ஒரு சொல்லை உண்டாக்கினார். தேவைப்படும்போது யாருக்கும் கிடைக்காதபடி ஒரு பொருளை மிகப் பத்திரமாக வைத்துவிட்டால் அதற்குப் பெயர் ஆரோக்கியப் பூட்டு. அம்மா ஆதார் அட்டையை எங்கேயோ வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினால் ஆரோக்கியப் பூட்டு. பெரியப்பா போனுக்குக் கடவுச்சொல் போட்டு மறந்தால் ஆரோக்கியப் பூட்டு. கல்யாணம் ஆகி இரண்டாம் நாளே என் மனைவிக்கு இதை விளக்கிச் சொல்லிவிட்டார்கள். அவள் ஊறுகாய் ஜாடி திறக்க வராவிட்டால்கூட என் பெயரைத்தான் சொல்கிறாள். ஜாடிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

ரீனாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி பி.பார்ம். படிக்கிறாள். (அந்தப் படிப்பை ஏன் எடுத்தாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.) போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தாள். விடுதிச் சுவரில் முதலுதவிப் பெட்டி. அதில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு பூட்டு. கீழே எழுதியிருந்தாள்:

"வார்டன் ஊருக்குப் போயிருக்காங்க, சாவியும் கூடவே போயிருக்கு. மாமா, இவங்க நமக்குச் சொந்தமா?"